குறுக்குவழி இல்லாத ஓட்டம்

ஓட்டம் மிகப் பழமையான விளையாட்டு. அதற்குப் பந்து வேண்டா, மட்டை வேண்டா, இரு கால்களும் உறுதியான உள்ளமும் இருந்தால் போதும். அவ்வோட்டத்திலும் இரு வகை உண்டு. அளந்து வகுத்த சமதளத் தடத்தில் ஓடுவது ஒன்று. காடும் மேடும் கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் நெடுந்தொலைவு ஓடுவது மற்றொன்று. மலைப்பாதை ஓட்டம் எனப்படும் இவ்விரண்டாம் வகையின் இயல்பை அறிய விரும்புவோர்க்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள டாஹோ ஏரியும் அதைச் சூழ்ந்த மலைகளும் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குகின்றன.

அந்நாட்டின் மேற்குப் பகுதியில் நீண்டு கிடப்பது சியரா நெவாடா மலைத்தொடர். அத்தொடரின் வடபகுதியில், கலிபோர்னியா, நெவாடா என்னும் இரு மாநிலங்களின் எல்லையில் டாஹோ ஏரி அமைந்துள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அகலம் 19 கிலோமீட்டர். மிகுந்த ஆழம் 501 மீட்டர். அதன் நீர்ப்பரப்பு கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைகளினின்றும் 63 ஓடைகள் அதில் வந்து விழுகின்றன. வெளியேறும் ஆறோ டிரக்கி என்னும் ஒன்றே. அந்த ஆறும் கடலை அடைவதில்லை. நெவாடாவிலுள்ள பிரமிடு ஏரியில் சென்று முடிகிறது. குளிர்காலத்தில் கரைகளையெல்லாம் பனி மூடினும், ஆழம் மிகுதியாதலின் டாஹோ ஏரி உறைவதில்லை. வாஷோ என்னும் பழங்குடி மக்கள் தொன்றுதொட்டுக் கோடைதோறும் இதன் கரையில் கூடி மீன் பிடித்து வாழ்ந்தனர். டாஹோ என்னும் பெயரும் அவர்கள் மொழியில் ஏரியைக் குறிக்கும் சொல்லின் திரிபே ஆகும்.

ஏரியைச் சூழ்ந்த மலைமுகடுகளின் வழியே ஒரு பாதை வளையம்போலச் சுற்றிச் செல்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 265 கிலோமீட்டர். அதை அமைக்கும் பணி 1984இல் தொடங்கிற்று. 2001இல் வளையம் நிறைவுற்றது. ஊதியம் கருதாத தொண்டர்கள் பலர் கோடைதோறும் மலையேறிக் கல்லைப் பெயர்த்து, மண்ணை வெட்டி, அப்பாதையின் பெரும்பகுதியை உருவாக்கினர். பாதையின் தாழ்ந்த இடம் ஏரிக்கரையை ஒட்டியது. உயர்ந்த இடமோ 3,150 மீட்டர் உயரமுள்ளது. இவ்விரண்டுக்கும் இடையே பாதை பலமுறை ஏறியும் இறங்கியும் செல்லும். மூட்டை சுமந்து நடப்போர் இதனைச் சுற்றிவரப் பத்து முதல் பதினைந்து நாள்வரை கொள்வர். 2009ஆம் ஆண்டில் கிலியன் ஜோர்னே என்னும் ஸ்பெயின் நாட்டு இளைஞர் இதனை 38 மணி 32 நிமிடத்தில் ஓடி முடித்தார். பின்னர் அந்தக் காலமும் குறைக்கப்பட்டது.

இத்தகைய ஓட்டம் எளிதன்று. அதற்கு முதற்காரணம் காற்றின் மென்மை. எவ்வுயரத்திலும் காற்றில் பிராணவாயுவின் விகிதம் ஒன்றே. அது நூற்றில் 21 பங்கு. ஆயினும், மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையவே, ஒரு மூச்சில் நுரையீரலுக்குள் புகும் பிராணவாயுவும் குறைகிறது. ஏரிக்கரையில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைப்போல் ஐந்தில் நான்கு பங்கே. பாதையின் உச்சியில் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகிறது. ஆகவே, கடற்கரையில் மூச்சு வாங்காமல் ஓடுபவனும் அம்மலையில் சிறிது தொலைவு ஓடியதும் இளைத்து நிற்பான்.

இவ்வுண்மையை உலகம் தெளிவாகக் கண்ட ஆண்டு 1968. அவ்வாண்டின் ஒலிம்பிக் போட்டிகள் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் நடைபெற்றன. அவ்வுயரத்திற்கு ஏற்ற வீரர்களைத் தெரிந்தெடுக்க அமெரிக்கர்கள் நாடிய இடம், டாஹோ ஏரிக்குத் தெற்கேயுள்ள எக்கோ சம்மிட் என்னும் கணவாய். அதன் உயரமும் ஏறத்தாழ அதுவே. காட்டின் நடுவே ஓட்டத் தடம் ஒன்றை அமைத்தனர். தடத்தின் உள்வட்டத்தில் நின்ற மரங்களை வெட்டாது விட்டனர். ஓடுவோர் மரங்களுக்குப் பின்னே மறைவதும் மீண்டும் தோன்றுவதும் காண்போர்க்குப் புதுமையாக இருந்தன. அங்குத் தெரிந்தெடுக்கப்பட்ட பாப் பீமன் மெக்சிகோவில் 8.90 மீட்டர் தாண்டி உலகை வியப்பில் ஆழ்த்தினார். மெல்லிய காற்று எதிர்த்துத் தடுப்பது குறைவு. ஆதலின் சிறு தொலைவு ஓட்டத்திற்கும் தாண்டுதலுக்கும் அது துணைசெய்யும். நெடுந்தொலைவு ஓட்டத்திற்கோ அது பகையாகும். பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனை கொண்டிருந்த ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க், அங்கு ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைக் கடந்ததும் மயங்கி விழுந்தார். அவருக்குப் பிராணவாயு அளிக்க வேண்டியதாயிற்று. அவ்வோட்டத்தில் வென்றவர் கென்யாவின் மேட்டுநிலத்தைச் சேர்ந்த நஃப்தாலி தெமு.

மேட்டுநிலத்தில் வாழ்வோர்க்கு இயலுவது, பிறர்க்கும் ஓரளவு இயலும். ஆனால், அதற்குக் காலம் வேண்டும். உயரத்தை அடைந்தவுடன் மூச்சும் நாடித்துடிப்பும் விரைவடைகின்றன. இஃது உடலின் உடனடி முயற்சி. நிலையான மாற்றம் மெல்லவே நிகழ்கிறது. பிராணவாயு குறைந்ததைச் சிறுநீரகங்கள் உணர்ந்து, ஒரு வகைச் சுரப்பை இரத்தத்தில் கலக்கின்றன. அது எலும்பு மச்சையைத் தூண்டி, செவ்வணுக்களை மிகுதியாக உண்டாக்கச் செய்கிறது. பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்பவை அவ்வணுக்களே. இவ்வேலை நிறைவுறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறாது, வந்த நாளிலேயே உச்சிக்கு விரைபவன் தலைவலிக்கும் குமட்டலுக்கும் உறக்கமின்மைக்கும் ஆளாவான். அந்நோய் கடுமையானால் உடனே கீழிறங்குவதே தக்க மருந்து. பொறுமைக்கு மாற்றாக வேறொன்றை உடல் ஏற்பதில்லை.

ஓடும் முறையிலும் பொறுமையே முதன்மை பெறுகிறது. செங்குத்தான ஏற்றங்களில் தேர்ந்த ஓட்டக்காரரும் நடந்தே செல்வர். இறக்கத்திலோ, உடலின் சுமையை ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசைகள் தாங்கித் தடுக்க வேண்டும். ஏற்றத்தைவிட இறக்கமே தசைகளை மிகுதியாக நோகச் செய்கிறது. மலைக்காற்று வறண்டது, வியர்வை தோன்றியதும் உலர்ந்து மறையும், உடல் நீரை இழப்பது தெரிவதில்லை. கோடைப் பிற்பகல்களில் திடீரென இடியும் மின்னலும் எழுவதுண்டு. அவ்வேளையில் முகட்டில் நிற்பது உயிருக்கு இடராகும். ஆதலின், அறிந்தோர் விடியலில் புறப்பட்டு, மேகம் திரளுமுன் தாழ்ந்த இடத்தை அடைவர்.

நெடுந்தொலைவு மலைப்பாதை ஓட்டம் ஒரு தனி விளையாட்டாக வளர்ந்ததற்கும் இம்மலைகளே காரணமாயின. ஏரிக்கு வடமேற்கேயுள்ள பள்ளத்தாக்கிலிருந்து ஆபர்ன் என்னும் ஊர்வரை, 100 மைல் தொலைவைக் குதிரைமேல் ஒரே நாளில் கடக்கும் போட்டி 1955 முதல் நடைபெற்று வந்தது. கோர்டி ஐன்ஸ்லி என்பவரும் அதில் கலந்துகொள்பவர். 1973இல் அவருடைய குதிரை கால் நொண்டி இடைவழியில் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு அவர் குதிரையே இன்றி, குதிரைகளோடு தாமும் புறப்பட்டு ஓடினார். கடும்வெயிலையும் பொருட்படுத்தாது, 23 மணி 42 நிமிடத்தில் எல்லையை அடைந்தார். குதிரைக்கு விதித்த 24 மணி நேர எல்லைக்குள் மனிதனும் அத்தொலைவைக் கடக்கக் கூடும் என்பதை உலகம் அன்று கண்டது. 1977 முதல் அவ்வழியில் மனிதர்க்கென்றே போட்டி நடைபெறலாயிற்று. இன்று பல நாடுகளில் 100 மைல் ஓட்டங்கள் நடைபெறுகின்றன.

மனிதன் தன் எல்லையை இவ்வாறு விரிக்கும்போது, அவன் சுற்றிவரும் ஏரியின் நிலை யாது? டாஹோ ஏரியின் பெருமை அதன் தெளிவு. 1873ஆம் ஆண்டில் ஜான் லெகான்ட் என்னும் அறிஞர் வெண்ணிறத் தட்டு ஒன்றை நீருக்குள் இறக்கினார். அது 33 மீட்டர் ஆழம்வரை கண்ணுக்குப் புலனாயிற்று. 1968 முதல் கலிபோர்னியப் பல்கலைக்கழக அறிஞர்கள் இவ்வாறே ஆண்டுதோறும் அளந்து வருகின்றனர். அம்முதலாண்டின் சராசரி 31 மீட்டர். அண்மை ஆண்டுகளில் அது 20 மீட்டர் அளவிற்குச் சுருங்கிவிட்டது. சாலைகளிலிருந்தும் குடியிருப்புகளிலிருந்தும் மழைநீர் அடித்துவரும் நுண்ணிய துகள்களும், நீரில் பெருகும் பாசியுமே இதற்குத் தலையாய காரணங்கள். கண்ணுக்குத் தெரியாத அத்துகள்கள் நீரில் நெடுங்காலம் மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன.

மலைப்பாதையால் விளையும் மண்ணரிப்பு இவற்றின் முன் சிறிதே. எனினும், அங்கும் மண்ணைக் காக்கும் கடமை உண்டு. இதனை உணர்ந்தே பாதை அமைத்தோர், அதைச் சரிவில் நேராக ஏற்றாது, கொண்டை ஊசிபோல வளைத்து வளைத்து ஏற்றினர். மழைநீர் பாதையின்மேல் ஓடையாகப் பாயாதவாறு, அதன் தளத்தைச் சரிவுப் பக்கமாகச் சிறிது சாய்த்தனர். இடையிடையே கற்களையும் மரத்துண்டுகளையும் குறுக்கே பதித்து நீரை வெளியே திருப்பினர். ஓர் ஓட்டக்காரன் சில நொடிகளை மிச்சப்படுத்த எண்ணி, இரு வளைவுகளுக்கு இடையே குறுக்காக இறங்குகிறான் எனில், அவன் காலடி பட்ட புல் மடியும். அடுத்து வருவோரும் அத்தடத்தையே பற்றுவர். பெய்யும் மழை அதனைப் பள்ளமாக்கி, மண்ணை ஓடைக்கும் ஓடை ஏரிக்கும் கொண்டு சேர்க்கும். ஒருவன் சேமித்த சில நொடிகளின் விலையை ஏரி நெடுநாள் செலுத்த நேரிடும்.

செவ்வணுக்கள் பெருகச் சில வாரங்கள் வேண்டும். பாதை நிறைவுறப் பதினேழு ஆண்டுகள் வேண்டியிருந்தன. கலங்கிய ஏரி தெளிய அதனினும் நெடுங்காலம் வேண்டும். இவற்றுள் எதையும் விரைவுபடுத்தக் குறுக்குவழி இல்லை. வளைந்து செல்லும் பாதையில், வளைவு ஒன்றையும் விடாது ஓடி, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருபவனே அவ்வேரியை உண்மையில் சுற்றி வந்தவன் ஆவான்.