பழைய கம்ப்யூட்டர் திடீர்னு நின்னுடுச்சா? இ.எம்.ஐ. போடும் முன் இதைப் படிங்க

வில்லியனூர் வீட்டில் இருந்த என் பத்து வருஷ டெஸ்க்டாப், மழை நாள்ல கரண்ட் போய் வந்ததும் படுத்துடுச்சு. "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க"ன்னார் ஒரு கடைக்காரர். இ.எம்.ஐ. கணக்கே போட்டுட்டேன்! நல்லவேளை, இன்னொரு கடையில் வேற எஸ்.எம்.பி.எஸ். மாட்டினாங்க, உடனே ஆன் ஆச்சு.

ஃபேனே சுத்தலைன்னா முதல்ல அதைத்தான் சந்தேகப்படணும். ஃபேன் சுத்தியும் திரை கறுப்பா இருந்தா, பிளக்கைப் பிடுங்கிட்டு ரேமைக் கழற்றி ரப்பரால் துடைச்சு மாட்டிப் பாருங்க. செலவே இல்லை.

மெஷின் செத்தாலும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் பிழைச்சிருக்கும். ஃபார்ம் 16, பத்திர ஸ்கேன் எல்லாம் அதுலதானே? யு.எஸ்.பி. கேஸில் போட்டு காப்பி எடுத்துடுங்க.

ஆனா ரிப்பேருக்குப் பணத்தைக் கொட்டாதீங்க. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சது; டி.பி.எம். 2.0 இல்லாத மெஷினில் 11 முறைப்படி ஏறாது. அதான் நான் எஸ்.எம்.பி.எஸ். மட்டும் மாத்திட்டு, அடுத்த மெஷினுக்கு ஆர்.டி. ஆரம்பிச்சிருக்கேன்.