இரும்பால் சாகும் செல்கள்

பார்கின்சன் நோயாளிகளின் மூளையில், உடல் அசைவுக்குப் பொறுப்பான ‘சப்ஸ்டான்ஷியா நைக்ரா’ பகுதியில் இரும்பு மிகுதியாகச் சேர்கிறது. அதை அகற்றினால் நோய் தணியுமா? புதிதாக நோய் கண்ட 372 பேரில் ஒரு பாதியினருக்கு இரும்பை வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் மருந்தும், மறுபாதியினருக்குப் போலி மாத்திரையும் 36 வாரங்கள் தரப்பட்டன. 2022இல் முடிவு வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களின் மூளையில் இரும்பு குறைந்திருந்தது. நோயோ மற்றவர்களைவிட முற்றியிருந்தது.

இரும்பு மிகுந்தால் செல்கள் சாகக்கூடும். இரும்பைச் சார்ந்த இந்தச் செல் இறப்புக்கு ‘ஃபெரோப்டோசிஸ்’ என்று 2012இல் பெயரிட்டவர்கள், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்காட் டிக்சன், பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவினர். செல்லின் உறை கொழுப்பால் ஆனது. கட்டுக்கடங்காத இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, தீவிரமான மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. நாள்பட்ட எண்ணெய் காறிப்போவதுபோல, அவை உறையின் கொழுப்பைக் கெடுக்கின்றன. ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டால் அடுத்ததும் கெடும். கடைசியில் உறை கிழிந்து செல் சாகும்.

இதைத் தடுக்கும் காவலாளி ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி. கெட்ட கொழுப்பை உடனுக்குடன் சீராக்குவது அதன் வேலை. அதற்குக் குளுட்டத்தையோன் என்ற மூலக்கூறு வேண்டும். குளுட்டத்தையோன் தீர்ந்தால் காவல் தளரும். வைட்டமின் இ, கோஎன்சைம் க்யூ10 ஆகியவையும் துணைக்கு நிற்கின்றன. வைட்டமின் கே-யும் இதில் உதவுகிறது என்பது 2022இல் தெரியவந்தது.

மாரடைப்பில் அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பப் பாயும்போது இதயத் தசை சேதமடைவதிலும், திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பிலும் இந்த இறப்புக்குப் பங்குண்டு என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கெல்லாம் அதைத் தடுக்க வேண்டும். புற்றுநோயிலோ தூண்டிவிட வேண்டும். மருந்துக்குத் தப்பிப் பிழைக்கும் சில புற்றுநோய்ச் செல்கள் ஜிபிஎக்ஸ்4-ஐ நம்பியே உயிர் வாழ்கின்றன.

அப்படியானால் பார்கின்சன் சோதனை ஏன் பலிக்கவில்லை? உடல் அசைவுக்குத் தேவையான டோபமைனை மூளையில் தயாரிக்கும் நொதிக்கே இரும்பு அவசியம். இரும்பு குறைந்ததால் டோபமைன் உற்பத்தியும் குன்றியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆகவே, இரும்பை மொத்தமாக அகற்றுவதைவிட, செல்லின் காவலை வலுப்படுத்துவதே நம்பிக்கை தரும் பாதை.

இதைப் படித்துவிட்டு, ரத்தசோகைக்கு மருத்துவர் எழுதித் தந்த இரும்புச்சத்து மாத்திரையை யாரும் நிறுத்திவிடக் கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பால்தான்.