துருவும் தேய்மானமும்

கடைசல் இயந்திரத்திலே வேலைப்பொருள் சுழலும். வெட்டும் அலகு சுழலாது நிற்கும். மில்லிங் இயந்திரத்திலே இம்முறை மாறிவிடுகின்றது. பல பற்களைக் கொண்ட வெட்டி சுழல, மேசைமீது இறுகப் பிணிக்கப்பட்ட வேலைப்பொருள் அதனடியில் மெல்ல நகர்ந்து செல்கின்றது. தட்டையான முகம், நேரான காடி, பற்சக்கரத்தின் பல் ஆகியன இவ்வாறே உருவாகின்றன.

இவ்வகை இயந்திரங்களுள் பெயர்பெற்ற ஒன்று, அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரிலே றூடோல்ப் பன்னோ என்பாரால் வடிவமைக்கப்பட்டு, 1938ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் தலைப்பகுதியை வேண்டிய கோணத்திற் சாய்த்து வேலை செய்யலாம். கணினியால் இயங்கும் பொறிகள் தொழிற்சாலைகளை நிரப்பியபின், இத்தகைய பழைய இயந்திரங்கள் பல குறைந்த விலைக்கு விற்கப்பட்டு, வீட்டுப் பட்டறைகளை வந்தடைந்தன. ஏறக்குறைய 900 கிலோகிராம் நிறையுள்ள அதனை உள்ளே கொண்டுவருவதே பெரும்பாடு. எனினும், உண்மையான சோதனை அதன் பின்னரே தொடங்குகின்றது.

துருவைக் கண்டதும் எமரித் தாளை எடுத்துத் தேய்ப்பது புதியவர்கள் செய்யும் முதற்பிழை. மேசை நகரும் சறுக்குத் தடங்களின் தேய்மானம் எங்கும் ஒரே அளவினதன்று. நாள்தோறும் வேலை நிகழ்ந்த நடுப்பகுதி தேய்ந்திருக்கும். அரிதாகப் பயன்பட்ட இரு முனைகளும் பெரும்பாலும் பழைய அளவிலேயே இருக்கும். நடுவிலே ஆட்டம் நீங்கும்படி ஆப்பினை இறுக்கினால், முனைகளில் மேசை சிக்கிக்கொள்வது இதனாலேயே. தேயாத அம்முனைகளே, இயந்திரம் பிறந்தபோது எத்துணை நேராக இருந்தது என்பதற்கு எஞ்சிய சாட்சி. எமரித் தாள் அச்சாட்சியையும் அழித்துவிடும். அகற்றிய இரும்பை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. ஆதலின், மண்ணெண்ணெயாற் கழுவுதலும், அளந்து குறித்துக்கொள்ளுதலுமே முதல்நாள் வேலைகளாக அமைதல் வேண்டும்.

தேய்வை நீக்கும் முறை மிகப் பழையது. செம்மையான சமதளத் தட்டொன்றிலே நீலச்சாயத்தை மெல்லியதாகப் பூசி, அதன்மீது வேலைப்பொருளின் முகத்தை வைத்து உராய்ந்தால், மேடான இடங்களில் மட்டும் சாயம் பற்றும். அவ்விடங்களைச் சுரண்டியாற் சிறிது சிறிதாகச் சீவி, மீண்டும் சாயமிட்டுப் பார்க்கின்றனர். ஒரு சீவலில் அகலும் இரும்பு, அங்குலத்தின் 10,000இல் சில பங்குகளே. நீலப் புள்ளிகள் முகமெங்கும் நெருக்கமாகப் பரவும்வரை இவ்வேலை தொடரும். புள்ளிகளுக்கிடையே உள்ள நுண்ணிய பள்ளங்கள் பின்னர் எண்ணெயைத் தாங்கி நிற்கும்.

அவ்வாறாயின், அச்சமதளத் தட்டு முதன்முதலில் எங்கிருந்து வந்தது? யோசப் விற்வேத் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1840ஆம் ஆண்டில் கிளாஸ்கோவிலே இதனை விளக்கினார். இரண்டு தட்டுகள் மட்டும் ஒன்றோடொன்று பொருந்தினாற் போதாது. ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருக்கலாம். மூன்று தட்டுகளை மாறிமாறி ஒப்பிட்டுச் சீவி, எந்த இரண்டும் பொருந்துமாறு செய்தால், மூன்றுமே சமதளமாகிவிடும். செம்மையான இயந்திரம் எதுவும் இல்லாமலே செம்மை பிறக்கின்றது.

திருகுதண்டின் சுரையை மாற்றுதல், தாங்கிகளைப் புதுப்பித்தல் ஆகியன இதற்குப் பின்னரே வரும். மூன்று கட்ட மின்சாரத்தில் இயங்கும் மோட்டாருக்கு ஏற்ற மாற்றியையும் பொருத்தலாம். வண்ணம் பூசுதல் எல்லாவற்றிற்கும் கடைசி. மினுங்கும் இயந்திரம் கண்ணுக்கு இனிது. ஆயினும், அதன் மேசை நேராகச் செல்கின்றதா என்பதை, அது வெட்டித் தரும் இரும்பே சொல்லும்.