புதிய நாட்டுப் பாடசாலையில் எங்கள் பிள்ளைக்கு என்ன உரிமை?

விசா, வழக்கு, வேலை, வாடகை. புதிதாக வெளிநாடு போய்ச் சேர்ந்த குடும்பங்களோடு தொலைபேசியில் கதைத்தால் பேச்சு பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகும். பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டால் "பள்ளிக்கூடத்தில சேர்த்தாச்சு" என்பதோடு முடிந்துவிடும். சில மாதங்கள் கழித்து அதே விடயம் வேறு குரலில் வரும். பிள்ளை வகுப்பில் வாய் திறக்கிறதில்லையாம், பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறதாம், என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லட்டாம். ஊடகத்துறையில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்பும் சொந்தக்காரர்கள் எனக்கு நிறையப் பேர். அப்படி வட்ஸ்அப்பில் வந்த கடிதங்களை விளங்கிக்கொள்ளத் தேடி வாசித்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஆங்கிலம் தெரியாமல் அரச பாடசாலைக்குள் வரும் பிள்ளைக்கு மொழி உதவி கொடுப்பது அமெரிக்காவில் சட்டக் கடமை. எங்கள் ஆட்கள் அதிகம் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அது கல்விச் சபைகள் பின்பற்றவேண்டிய அரச கொள்கை. இந்தக் கடமை எப்படி வந்தது என்று தெரிந்தால், பெற்றோர் தயக்கமில்லாமல் கேட்கலாம்.

ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர்: அது சமத்துவமா?

1970களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரின் அரச பாடசாலைகளில் ஆங்கிலம் பேசத் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் 2,856 பேர் இருந்தார்கள். அவர்களில் சுமார் 1,000 பேருக்கு மேலதிக ஆங்கில வகுப்புகள் கிடைத்தன. மீதி 1,800 பேரளவில் விளங்காத மொழியில் நடக்கும் வகுப்பில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கின்னி கின்மன் லாவ் என்ற சிறுவனின் பெயரில் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள்.

கீழ் நீதிமன்றங்களில் தோற்றார்கள். எல்லோருக்கும் ஒரே கட்டடம், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்திருக்கிறோம், பிறகென்ன பாகுபாடு என்பதே கல்வி அதிகாரிகளின் வாதம். 1974 ஜனவரி 21ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஒருமனதாக நிராகரித்தது. நீதியரசர் வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: ஒரே வசதிகளைக் கொடுத்துவிட்டதால் மட்டும் சமமாக நடத்தியதாகாது, ஆங்கிலம் விளங்காத பிள்ளைக்கு அந்தக் கல்வி உண்மையில் கிடைக்கவேயில்லை. மத்திய அரசின் நிதியைப் பெறும் நிறுவனங்கள் இனத்தாலோ பூர்வீக நாட்டாலோ பாகுபாடு காட்டக்கூடாது என்ற 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டமே தீர்ப்பின் அடித்தளம். அதே 1974இல், மாணவர்களின் மொழித் தடையை நீக்க உரிய நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று தனிச் சட்டத்தின் மூலம் அமெரிக்க காங்கிரஸும் விதித்தது.

ஆனால் எந்த வகையான உதவி என்பதை உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. அந்த இடைவெளியை 1981இல் டெக்சாஸ் மாநில வழக்கொன்றில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளால் நிரப்பியது. கஸ்டனேடா வழக்கு என்று அறியப்படும் அதில் கேட்கப்பட்டவை இவை. பாடசாலையின் திட்டம் கல்வியியல் ரீதியாக ஏற்கத்தக்கதா? அதை நடத்தப் போதிய ஆசிரியர்களும் வளங்களும் உண்மையில் கொடுக்கப்பட்டுள்ளனவா? சில காலம் நடத்திய பிறகு பிள்ளைகள் முன்னேறியிருக்கிறார்களா? மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்பது பதிலானாலும் பாடசாலை கடமையைச் செய்யவில்லை என்றாகும்.

வதிவிட அனுமதி இல்லாவிட்டால்?

எங்கள் ஆட்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பிள்ளையைப் பாடசாலையில் பதிந்தால் வழக்குக்குப் பாதிப்பு வருமோ என்று மாதக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்த குடும்பமொன்றை எனக்குத் தெரியும்.

1975இல் டெக்சாஸ் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சட்டபூர்வ அனுமதி இல்லாத பிள்ளைகளுக்காக மாநில நிதி கிடையாது, பாடசாலைகள் விரும்பினால் அவர்களைச் சேர்க்காமலும் விடலாம் என்றது அது. டைலர் என்ற நகரத்தில் அத்தகைய பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 1,000 டொலர் கட்டணம் கேட்டார்கள். 1982இல் பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. பெற்றோர் எல்லை கடந்ததற்குப் பிள்ளையின் படிப்பைப் பறித்துத் தண்டிக்க முடியாது என்பதே தீர்ப்பின் நிலைப்பாடு.

ஒன்ராறியோவில் இது கல்விச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையோ பெற்றோரோ சட்டபூர்வ அனுமதியின்றிக் கனடாவில் இருக்கிறார்கள் என்ற காரணத்துக்காக, பாடசாலையில் சேரத் தகுதியுள்ள 18 வயதுக்குக் குறைந்தவரின் அனுமதியை மறுக்கக்கூடாது என்கிறது பிரிவு 49.1.

போர் தின்ற வருடங்கள்

ஒன்ராறியோவின் ஏற்பாட்டில் எங்களுக்கு மிக முக்கியமான ஒரு விடயம் இருக்கிறது. 2007இல் அந்த மாகாணத்தின் கல்வி அமைச்சு வெளியிட்ட கொள்கை, ஆங்கிலம் கற்கவரும் மாணவர்களை இரண்டு வகையாகப் பார்க்கிறது. தாய்மொழியில் ஒழுங்காகப் படித்து, வயதுக்கேற்ற அறிவோடு வருபவர்கள் ஒரு வகை. அவர்களுக்குத் தேவை ஆங்கிலம் மட்டுமே. போராலும் இடம்பெயர்வாலும் படிப்புத் தடைப்பட்டு, எந்த மொழியிலும் வாசிப்பும் எழுத்தும் முழுமையாக வராதவர்கள் மற்ற வகை. ஈஎஸ்எல் என்ற பெயரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். அது முதல் வகையினருக்கானது. இரண்டாம் வகையினருக்கு ஈஎல்டி என்ற தனி நிகழ்ச்சி உண்டு. அதில் ஆங்கிலத்தோடு எழுத்தறிவு, அடிப்படைக் கணிதம், பாடசாலையில் படிக்கும் முறை எல்லாம் சேர்த்துக் கற்பிக்கப்படும்.

வன்னியில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பதுங்குகுழிக்குள் கிடந்து, பிறகு மெனிக் பாமில் மரத்தடி வகுப்பில் இருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் தாய்லாந்திலும் வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 14 வயதுப் பிள்ளை வயதின்படி ஒன்பதாம் வகுப்பில் அமர்த்தப்படும். அது கடைசியாக ஒழுங்காகப் படித்தது தரம் 4ஆக இருக்கலாம். புதிய பாடசாலைக்கு அது தெரிய வழியில்லை. கையில் சான்றிதழ் இருக்காது, எல்லாம் இடம்பெயர்வில் போயிருக்கும்.

பெற்றோர் பலர் இதை மறைக்கிறார்கள். பிள்ளையைக் கீழ் வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் வெட்கமும்தான் காரணம். ஆனால் சேர்க்கும் நாளில் செய்யப்படும் மதிப்பீட்டில் சொல்லவேண்டிய முதல் விடயமே இதுதான். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை படிப்பு நின்றது, தமிழில் சரளமாக வாசிப்பாரா, கணக்கில் எதுவரை போனார் என்று விபரமாகச் சொன்னால்தான் சரியான உதவி கிடைக்கும். ஷெல் சத்தத்தால் காது பாதிக்கப்பட்டிருந்தாலும், இரவில் தூக்கம் இல்லாவிட்டாலும் அதையும் சொல்லவேண்டும். ஆசிரியர் அதை அறியாவிட்டால் பிள்ளைக்குப் பாடத்தில் கவனமில்லை என்றுதான் எழுதுவார்.

மந்தபுத்தி என்ற முத்திரை

மொழி தெரியாததை மூளை இல்லாததாக எடுத்துக்கொள்வது பழைய தவறு. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் பரீட்சித்து, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் போட்டிருந்தார்கள். ஸ்பானிய மொழியில் மீண்டும் பரீட்சித்தபோது அவர்களில் பெரும்பாலானோர் அந்த வகுப்புக்குரியவர்களே அல்ல என்று தெரிந்தது. 1970இல் டயானா வழக்கு என்ற பெயரில் அது இணக்கத்துக்கு வந்தது. பிள்ளையின் தாய்மொழியிலும் பரீட்சிக்கவேண்டும் என்பது அதன்பிறகு ஒரு நியமமானது.

ஆகவே "விசேட கல்வி" என்ற சொல்லோடு கடிதம் வந்தால் உடனே கையொப்பம் வைக்கவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். எந்த மொழியில் பரீட்சித்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். உண்மையாகவே கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை என்றால், "இங்கிலிஷ் வந்தால் சரியாகிவிடும்" என்று பாடசாலை தள்ளிப்போடுவதும் தவறுதான்.

கதைப்பது வேறு, படிப்பது வேறு

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கல்வியியலாளர் ஜிம் கமின்ஸ் 1979இல் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். விளையாட்டுத் திடலில் கதைக்கும் ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு வருடங்களில் வந்துவிடும். ஆனால் விஞ்ஞானப் புத்தகத்தை வாசித்து விளங்கவும், வரலாற்றுக் கேள்விக்குக் கட்டுரை எழுதவும் தேவைப்படும் ஆங்கிலம் சக மாணவர்களின் மட்டத்துக்கு வர, பொதுவாக ஐந்து முதல் ஏழு வருடங்கள் எடுக்கும். ரொறன்ரோவுக்குக் குடிவந்த மாணவர்களின் பெறுபேறுகளை ஆராய்ந்தும் அவர் இதைக் காட்டினார்.

இது எங்கள் வீடுகளில் தினமும் நடக்கிறது. வைத்தியசாலையில் அம்மாவுக்கு மொழிபெயர்க்கும் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை, வங்கியிலிருந்து வரும் கடிதத்தையும் வாசித்துச் சொல்கிறாள். "அவளுக்கு இங்கிலிஷ் தண்ணிபட்ட பாடு" என்று வீட்டில் பெருமை. அதே பிள்ளை புவியியலில் சித்தியடையாதபோது "கவனமில்லை, போன்தான் காரணம்" என்று ஏச்சு விழுகிறது. கதைக்கிறாளே என்பதால் ஆசிரியரும் உதவியை நிறுத்திவிடலாம். இரண்டாம், மூன்றாம் வருடத்தில் உதவி நிறுத்தப்பட்டால், எந்த அடிப்படையில் என்று பெற்றோர் கேட்கவேண்டும்.

பாடசாலைக் கூட்டத்துக்குப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப்போவதையும் தவிருங்கள். தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. கூட்டத்துக்கு முன்பே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். ஒன்ராறியோவில் புதிதாக வரும் குடும்பங்களுக்கு உதவ, பல பாடசாலைகளில் குடியமர்வுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுத் தேடிப் பிடியுங்கள்.

உயர்தரப் பாடசாலை மாணவர்களின் பெற்றோர் அறியவேண்டிய இன்னொன்று: ஒன்ராறியோவில் ஈஎஸ்எல், ஈஎல்டி பாடங்கள் வீண்போவதில்லை. டிப்ளோமாவுக்குத் தேவையான நான்கு ஆங்கிலப் புள்ளிகளில் மூன்று வரை அவற்றிலிருந்து எடுக்கலாம். அந்த வகுப்பில் போட்டால் பல்கலைக்கழகம் போகமுடியாது என்று பயந்து பிள்ளையை வெளியே எடுக்கத் தேவையில்லை.

வீட்டில் தமிழை நிறுத்தவேண்டுமா?

வேண்டாம். ஒரு மொழியில் ஆழமாக விளங்கிக்கொண்ட விடயம் மற்ற மொழிக்கும் கூடவே வரும் என்பது கமின்ஸின் இன்னொரு முக்கியமான வாதம். பின்னம் என்றால் என்ன என்று தமிழில் விளங்கிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் புதுச் சொல் மட்டும் போதும். மிசிசாகாவிலுள்ள தோர்ன்வூட் என்ற அரச பாடசாலையில் சிறுவர்கள் ஆங்கிலத்திலும் வீட்டு மொழியிலும் கதைப் புத்தகங்கள் எழுதினார்கள். வீட்டு மொழிப் பகுதியைப் பெற்றோரோடு சேர்ந்து எழுதினார்கள். ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் அங்கே பிள்ளைக்குக் கற்பிப்பவர்களானார்கள்.

ஒன்ராறியோவில் 23 மாணவர்களின் பெற்றோர் எழுத்தில் கேட்டால், தொடக்கநிலை மாணவர்களுக்குத் தமிழ் போன்ற மொழியில் வகுப்பு நடத்தக் கல்விச் சபை ஏற்பாடு செய்யவேண்டும். 23 கையொப்பம் சேர்ப்பது எங்கள் ஆட்களுக்குப் பெரிய வேலையல்ல.

காற்று மாறும்போது

இந்த உரிமைகள் கல்லில் எழுதியவை அல்ல. அமெரிக்காவில் 2025 மார்ச்சில் ஆங்கிலமே உத்தியோகபூர்வ மொழி என்று ஜனாதிபதி ஆணை பிறப்பித்தார். ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் தொடர்பாகப் பாடசாலைகளுக்கு 2015இல் கொடுக்கப்பட்ட விரிவான வழிகாட்டலைக் கல்வித் திணைக்களம் அதே ஆண்டில் மீளப்பெற்றது. 1974ஆம் ஆண்டின் தீர்ப்பும் சட்டமும் நிற்கின்றன. ஆனால் கண்காணிப்பவர்கள் குறையும்போது, கேட்கும் பெற்றோரின் குரலுக்குத்தான் பாரம் கூடுகிறது.

இங்கே எங்களுக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. தமிழக முகாம்களில் பிறந்து வளர்ந்து, பெற்றோரோடு ஊர் திரும்பும் பிள்ளைகள் எங்கள் வடக்கு, கிழக்குப் பாடசாலைகளில் சேர்கிறார்கள். அவர்களும் வேறு பாடத்திட்டத்திலிருந்து வருபவர்கள். சிங்களத்தை இரண்டாம் மொழியாக ஒரு நாளும் படித்திராதவர்கள். தமிழே ஆனாலும் பாடப் புத்தகத்தின் கலைச்சொற்கள் அவர்களுக்குப் புதிது. சிங்களம், தமிழ் இரண்டில் ஒன்றில் கல்வி பெறும் உரிமையை எமது அரசியலமைப்பின் 21ஆவது உறுப்புரை தருகிறது. அதை வகுப்பறையில் அளக்க அந்த டெக்சாஸ் வழக்கின் மூன்று கேள்விகளே போதும். அந்தப் பிள்ளைகளுக்கென்று திட்டம் இருக்கிறதா? நடத்த ஆசிரியர் இருக்கிறாரா? ஒரு வருடம் கழித்துப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று யாராவது பார்த்தார்களா? உங்கள் ஊர்ப் பாடசாலையின் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.