எதிரியின் கை தெரிந்த சீட்டாட்டம்: ‘ஸ்லே தி ஸ்பயர்’ விளையாட்டின் நிறையும் குறையும்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆந்தனி ஜியோவனெட்டியும் கேசி யானோவும் தொடங்கிய மெகா கிரிட் என்னும் சிறு நிறுவனத்தின் ‘ஸ்லே தி ஸ்பயர்’, 2017 நவம்பரில் முழுமை பெறுமுன்னரே விற்பனைக்கு வந்து, வாங்கியவர்கள் ஆடஆடத் திருத்தப்பட்டு, 2019 ஜனவரியில் முழு வடிவம் பெற்றது. இரண்டு மரபுகள் இதில் கலக்கின்றன. 1980ஆம் ஆண்டின் ‘ரோக்’ விளையாட்டைப் பின்பற்றி எழுந்த ‘ரோக்லைக்’ வகையில் ஒவ்வோர் ஆட்டத்திலும் நிலவறையின் அமைப்பு மாறுவதோடு, பாத்திரம் இறந்துவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். டொனால்ட் வக்காரினோ வடிவமைத்து 2008இல் வெளியான ‘டொமினியன்’ என்னும் மேசை விளையாட்டிலோ, ஆடுபவர் பத்துச் சீட்டுகளோடு தொடங்கி, ஒரு நேரத்தில் ஐந்தைக் கையில் எடுத்து, ஆட்டத்தின் போக்கிலேயே தம் கட்டை வளர்த்துக்கொள்கிறார். இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சி 2014இன் ‘டிரீம் குவெஸ்ட்’ விளையாட்டிலேயே நடந்துவிட்டது என்றாலும், அந்த இணைப்பைப் பரவலாக்கிய பெருமை ‘ஸ்லே தி ஸ்பயர்’ விளையாட்டையே சேரும். நிலவறை வகை என்று சொல்லப்பட்டாலும் இதில் கீழே இறங்குவதில்லை, கோபுரத்தின் மேல் ஏறுவதே நடக்கிறது.

ரம்மியில் எதிராளியின் கையை ஊகிக்க வேண்டியிருக்க, இங்கே எதிரி அடுத்து என்ன செய்யப் போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே குறியாகக் காட்டப்படுகிறது. முதல் பாத்திரமான ‘அயர்ன்கிளாட்’ ஒரு முறைக்கு மூன்று ஆற்றல் புள்ளிகளைப் பெறுகிறான். ஓர் ஆற்றலைச் செலவிட்டு ஆறு புள்ளி அடியையோ ஐந்து புள்ளித் தடுப்பையோ அவன் இறக்கலாம். எதிரி பன்னிரண்டு புள்ளி அடிக்கப் போகிறான் என்று குறி சொல்லுமானால், இரண்டு தடுப்புகளை இறக்கி இரண்டு புள்ளிகளை மட்டும் இழந்து ஓர் அடியும் கொடுப்பதா, தடுப்பை விட்டுவிட்டு முழுவதையும் தாக்குதலில் செலுத்தி எதிரியை முடிப்பதா என்பது கணக்குப் போட்டே தீர்க்கக்கூடிய கேள்வியாகிவிடுகிறது. எந்தச் சீட்டு கைக்கு வரும் என்பது தற்செயல்தான். ஆனால் வந்த சீட்டை வைத்து என்ன செய்வது என்பதில் தற்செயலுக்குப் பெரும்பாலும் இடமில்லை என்பதால், தோற்றவர் பழியை அதிர்ஷ்டத்தின் மேல் போடுவது எளிதன்று. இந்த வெளிப்படைத்தன்மையே இவ்விளையாட்டின் தலையாய சிறப்பு.

இதை ஒட்டிய இன்னொரு சிறப்பு, சேர்ப்பதைவிடச் சேர்க்காமல் விடுவது பல வேளைகளில் மேலானது என்பதை விதிகளின் அமைப்பே உணர்த்துவதாகும். ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் மூன்று சீட்டுகள் காட்டப்படுகின்றன. ஒன்றை எடுக்கலாம், எதையும் எடுக்காமலும் போகலாம். முறைக்கு ஐந்து சீட்டுகள் கைக்கு வருவதால், பத்துச் சீட்டுள்ள கட்டில் நல்ல சீட்டொன்று இரண்டு முறைக்கு ஒரு தடவை வந்துசேரும். கட்டு முப்பதாகப் பெருத்தால் அதே சீட்டுக்கு ஆறு முறை காத்திருக்க நேரலாம். கடைக்காரரிடம் முதலில் 75 பொற்காசும் அடுத்தடுத்துக் கூடுதலாகவும் கொடுத்துத் தம் பழைய சீட்டுகளைக் கழித்துக்கட்டுவதை, தேர்ந்த ஆட்டக்காரர்கள் புதிய சீட்டு வாங்குவதற்கு இணையாக மதிப்பதன் காரணம் இதுவே. ஆயினும் கட்டைச் சிறிதாக வைத்திருப்பது எப்போதும் செல்லுபடியாகும் விதியன்று. கோபுரத்தின் முதல் கட்டத்திலேயே எதிரிகளை விரைந்து வீழ்த்த வலிய தாக்குதல் சீட்டுகள் தேவைப்படுவதால், எல்லாவற்றையும் மறுப்பவரும் மேலே ஏற முடியாது. எடுப்பதற்கும் விடுவதற்கும் இடையிலான இந்த இழுபறிதான் ஒரே கோபுரத்தில் பலநூறு தடவை ஏற வைக்கிறது. முன்வெளியீட்டுக் காலத்தில் ஆட்டத் தரவுகளைத் திரட்டி, அதன் துணையோடு சீட்டுகளின் வலிமையைக் கூட்டியும் குறைத்தும் சீர்செய்தது இதற்குப் பெரிதும் உதவியது.

குறைகள் பெரும்பாலும் அந்த வெளிப்படைத்தன்மை நின்றுபோகும் இடங்களில் தலைதூக்குகின்றன. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் காத்திருக்கும் தலைவன் யார் என்பதை வரைபடம் தொடக்கத்திலேயே காட்டிவிட்டாலும், அவனுக்கே உரிய விதி என்ன என்பதைச் சொல்வதில்லை. மூன்றாம் கட்டத்தில் வரக்கூடிய ‘டைம் ஈட்டர்’, ஆடுபவர் பன்னிரண்டு சீட்டுகளை இறக்கியதும் அவர் முறையை அங்கேயே முடித்துவைத்துத் தன் வலிமையையும் கூட்டிக்கொள்கிறது. ஆற்றல் செலவில்லாத சிறு கத்திச் சீட்டுகளை அடுக்கடுக்காக வீசும்படி இரண்டு கட்டங்களாகத் தம் கட்டை அமைத்த புதியவர், இவ்விதியை அறியும்போது அதை மாற்றக் காலம் கடந்துவிட்டிருக்கும். முதல் கட்டத்தின் ‘கிரெம்லின் நாப்’ தற்காப்பு முதலிய திறன் சீட்டுகளை இறக்க இறக்க வலுப்பெறுவதும் இத்தகையதே எனினும், அதனிடம் தோற்பவர் இழப்பது சிறிது நேரம் மட்டுமே என்பதால் அதைப் பாடமாகக் கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வரும் தோல்வியை அப்படிக் கொள்வது கடினம். சண்டையின் நடுவில் வெளியேறித் திரும்பினால் அது முதலிலிருந்து தொடங்கும் என்ற ஓட்டையும் உண்டு. இறப்புக்கு மீட்சியில்லை என்ற மரபை அது சத்தமில்லாமல் தளர்த்துகிறது.

கதையும் ஓவியமும் இதன் வலிமைகள் அல்ல. ‘அசென்ஷன்’ எனப்படும் இருபது கடின நிலைகளில் ஒவ்வொன்றுக்கும் முந்தையதை வென்றாக வேண்டும் என்பதால், நான்கு பாத்திரங்களையும் உச்சிக்குக் கொண்டுசெல்ல விரும்புபவர் அதே எதிரிகளைச் சலிக்கச் சலிக்கச் சந்திக்கிறார். பாத்திரங்களிடையே சமநிலையும் முழுதாக இல்லை: 2020இல் சேர்ந்த ‘வாட்சர்’, கொடுக்கும் அடியையும் வாங்கும் அடியையும் இரட்டிப்பாக்கும் சினநிலையை நினைத்தபோது ஏற்றும் இறக்கியும், மற்ற மூவரைவிட எளிதில் வெல்கிறாள்.

விவாதத்துக்கு மிகுதியும் இடம் தருவது மூன்று சாவிகளைத் திரட்டியவருக்கே திறக்கும் நான்காம் கட்டமாகும். அங்கே காத்திருக்கும் ‘இதயம்’ 750 உயிர்ப்புள்ளிகள் கொண்டது; ஒரு முறையில் 300 புள்ளிகளுக்கு மேல் அதற்கு இழப்பு நேராது; இறக்கப்படும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஆடுபவர் ஒரு புள்ளி அடி வாங்குவார். முடிவின்றிச் சுழலும் சீட்டுச் சேர்க்கைகளைக் கண்டுபிடிக்கும் உரிமையை மூன்று கட்டங்களிலும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, எவ்வளவு நுட்பமான கட்டும் குறைந்தது மூன்று முறை பொறுத்தாக வேண்டும் என்று கடைசி வாசலில் வேலி போடுவது கறாரான வடிவமைப்புதான். ஆயினும் அந்தச் சாவிகளைத் திரட்டாமலேயே மூன்றாம் கட்டத்தோடு வெற்றி பெறலாம் என்பதால், அவ்வேலிக்குள் நுழைவது ஆடுபவரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது.