பஞ்சம் சமைத்த விருந்து: அமீரகச் சாப்பாடு அன்றும் இன்றும்

துபாயிலோ அபுதாபியிலோ இறங்கி, "இந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுவார்கள்?" என்று விசாரித்தால் ஒருவர் ஷவர்மா என்பார், இன்னொருவர் ஹம்மூஸ் என்பார். இரண்டும் சிரியா, லெபனான் பக்கத்திலிருந்து வந்தவை. மூன்றாமவர் பிரியாணிக் கடைக்கு வழி காட்டுவார். ஐக்கிய அரபு அமீரகத்தில் வசிப்பவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர்தான் அந்நாட்டுக் குடிமக்கள். அவர்கள் வீட்டு அடுப்பில் வேகும் சாப்பாடு வெளியூர்க்காரர் கண்ணில் படுவதே அரிது.

பட்டாலும் ஒரே கோலத்தில்தான் படும். அகன்ற தாம்பாளம், மசாலா மணக்கும் நீளரிசிச் சோறு, அதன்மேல் பெரிய பெரிய ஆட்டிறைச்சித் துண்டுகள். இதுதான் பாரம்பரியம் என்று பரிமாறுகிறார்கள். பாரம்பரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அது திருமணத்துக்கும் பெருநாளுக்கும் விருந்தாளிக்கும் இறக்கிய தாம்பாளம். மற்ற நாள்களில் அந்த மக்கள் எதைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால்தான் அதன் அருமை தெரியும்.

முத்தும் பேரீச்சையும்

அபுதாபியின் எண்ணெய் முதன்முதலில் கப்பலேறியது 1962இல். துபாயின் எண்ணெய் 1969இல். அமீரகம் என்ற நாடு பிறந்தது 1971 டிசம்பர் 2 அன்று. அதற்கு முன் இந்தக் கரைக்குச் சோறு போட்டது முத்து.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆண்கள் முத்துக்குளிக்கப் போவார்கள். வயிறு நிறைந்திருந்தால் மூச்சடக்கி மூழ்க முடியாது. ஆகவே விடியலில் சில பேரீச்சம்பழம், கொஞ்சம் காப்பி. பொழுது சாய்ந்து வேலை முடிந்த பிறகுதான் சோறும் மீனும். அதே மாதங்களில் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் கரையின் புழுக்கத்தை விட்டு லிவா, அல் அய்ன் போன்ற சோலைகளுக்கு ஒட்டகத்தில் பெயர்ந்துவிடுவார்கள். அங்கே பேரீச்சை பழுக்கும் பருவம் அது.

கோடையில் புதுப்பழமாகத் தின்றது போக மிச்சத்தை ஓலைப்பைகளில் அமுக்கிக் கட்டி வைப்பார்கள். கோட்டைகளிலும் வசதியான வீடுகளிலும் இதற்கென்றே மத்பஸா என்று ஓர் அறை உண்டு. தரையில் வரிசை வரிசையாக மேடு கட்டி, இடையே வாய்க்கால் விட்டிருக்கும். பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேலிருக்கும் பாரத்தில் பழம் நசுங்கிப் பாகு வடியும். வாய்க்கால் வழியே ஓடி ஜாடியில் சேரும். திப்ஸ் என்ற அந்தப் பாகுதான் சர்க்கரை எட்டாத காலத்தின் இனிப்பு. பழத்தோடு வறுத்த மாவும் நெய்யும் சேர்த்துப் பிசைந்தால் பதீத். பல நாள் கெடாது, பயணத்துக்குக் கட்டுச்சோறாகும்.

1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து முத்துத்தொழிலை முறித்துப் போட்டன. கையில் காசு வற்றியது. அடுத்து வந்த உலகப் போரில் அரிசி வரத்தும் சுருங்கியது. 1946இல் ரப் அல் காலி பாலைவனத்தைக் கடந்த ஆங்கிலேயர் வில்ஃபிரட் தெசிஜர், தன்னுடன் வந்த நாடோடிப் பதூயின்கள் பட்ட பசியையும் தாகத்தையும் 'அரேபியன் சாண்ட்ஸ்' நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஒட்டகப் பால், ஒரு பிடி பேரீச்சை, சாம்பலில் சுட்ட ரொட்டி. பாலைவனத்தில் பல நாள்கள் இவ்வளவுதான் சாப்பாடு.

இன்று கலாஸ், ஃபர்த், லூலூ என்று வகைப் பெயர் சொல்லி, பாதாம் திணித்து, சாக்லேட் பூசி, பட்டுப்பெட்டியில் பேரீச்சை விற்கிறது. ஒட்டகப் பால் பதப்படுத்திய புட்டியில் சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது; அதில் ஐஸ்கிரீமும் செய்கிறார்கள். உயிர் காத்த உணவு பரிசுப்பொருளாகிவிட்டது. ஆனாலும் ரமலானில் நோன்பு திறக்கக் கை முதலில் நீள்வது பேரீச்சையை நோக்கித்தான். அல் அய்ன் சோலையில் ஃபலாஜ் என்னும் பழைய வாய்க்கால் முறை இன்றும் மரங்களுக்கு நீர் கொண்டுபோவதை நிழலில் நடந்தபடியே பார்க்கலாம்.

கடல் கொடுத்தது

பாலைவனம் கைவிட்டாலும் கடல் கைவிடவில்லை. குளிர்காலத்தில் மீன் மிஞ்சும்; கோடையில் அரிதாகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத கரையில் இதற்குக் கண்ட வழி உப்பு. வஞ்சிரம், சூரை போன்ற பெரிய மீன்களைக் கீறி உப்பு திணித்து, ஜாடியில் அடுக்கி மூடிவிடுவார்கள். அதுதான் மாலெஹ். வேண்டும்போது எடுத்து, உப்பு நீங்க ஊறவைத்து, வேகவைத்து, வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் சோற்றோடு உண்பார்கள். நெத்திலியும் மத்தியும் மணலில் காயும். மனிதருக்கும் ஆகும், கால்நடைக்கும் தீவனமாகும்.

தமிழர் நாக்கு உடனே அடையாளம் கண்டுகொள்ளும் பண்டம் ஒன்று உண்டு: ஜஷீத். சின்னச் சுறாவை வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்து, வெங்காயம், மஞ்சள், உலர்ந்த எலுமிச்சை சேர்த்து வதக்குவது. நம் கடற்கரைச் சுறாப்புட்டின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம்.

இன்று கடலும் மாறிவிட்டது. அமீரகத்தின் செல்ல மீனான ஹமூர், நம் களவா இனம், அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு அருகிவிட்டது. ஹமூரை விட்டு வேறு மீன் வாங்குங்கள் என்று 2010 முதலே சூழல் அமைப்புகள் பிரசாரம் செய்கின்றன. கர்கூர் என்ற கம்பிக்கூண்டுப் பொறியை அபுதாபி 2019இல் தடை செய்தது. சில மீன்களுக்கு இனப்பெருக்கக் காலத் தடையும் உண்டு. சுறாவுக்கும் ஆண்டில் சில மாதங்கள் தடை. துபாய் தேராவின் பழைய மீன் சந்தை 2017இல் குளிரூட்டிய வாட்டர்ஃப்ரண்ட் மார்க்கெட்டுக்கு இடம் மாறியது. உப்பிட்டு வைக்க வேண்டிய தேவை போய்விட்டது. மாலெஹின் ருசி மட்டும் போகவில்லை. ஷார்ஜாவுக்குரிய கிழக்குக் கரை ஊரான திப்பா அல் ஹிஸ்னில் மாலெஹுக்கென்றே விழா எடுக்கிறார்கள்.

ஊர் கூடிச் சமைத்த ஹரீஸ்

ஹரீஸுக்கு வேண்டியது மூன்றே: கோதுமை, இறைச்சி, உப்பு. மசாலா கிடையாது. நேரம்தான் அதன் மசாலா.

அன்று பெண்கள் கூடிப் பாட்டுப் பாடிக்கொண்டே கோதுமையை உரலில் குத்துவார்கள். ஊறிய கோதுமையும் இறைச்சியும் பெரிய பாத்திரத்தில் ஏறும். மணிக்கணக்கில் மெல்லிய தீயில், சில இடங்களில் மண்ணில் தோண்டிய குழியடுப்பில் இரவு முழுவதும் வேகும். பிறகு மரத்துடுப்பால் இழையிழையாகப் பிரியும்வரை அடித்துக் கடைவார்கள். அதற்குத் தோள்வலு வேண்டும். இறுதியில் மேலே ஊற்ற மட்டும் நெய். இத்தனை கை சேராமல் நடக்காத வேலை என்பதால் திருமணத்துக்கும் பெருநாளுக்கும் ரமலானுக்கும் மட்டுமே செய்தார்கள். கொஞ்சம் இறைச்சியைக் கொண்டு ஒரு தெருவுக்கே வயிறு நிறைக்கலாம். பஞ்ச காலத்தின் கெட்டிக்காரத்தனம் இந்தப் பாத்திரத்தில் இருக்கிறது.

இன்று கோதுமை குத்தியே கிடைக்கிறது; கடைவதற்கு இயந்திரம் உண்டு. 'மத்பக்' எனப்படும் சமையற்கூடங்களில் ஆர்டர் கொடுத்தால் அண்டாவோடு வீட்டுக்கு வருகிறது. அங்கே அடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தவர். ஹரீஸ் சமைக்கும் கலையை யுனெஸ்கோ 2023இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. அமீரகம், ஓமான், சவூதி அரேபியா மூன்றுக்கும் சேர்ந்த பெருமை அது. ரமலான் மாலையில் அண்டை வீடுகளுக்குத் தட்டில் ஹரீஸ் அனுப்பும் வழக்கம் மட்டும் எந்தப் பட்டியலின் தயவும் இல்லாமல் தொடர்கிறது.

கப்பலில் வந்த சோறு

முதலில் சொன்ன தாம்பாளச் சோறான மச்பூஸ் இல்லாத அமீரக விருந்தை இன்று நினைக்கவே முடியாது. அதன் அரிசி அந்த மண்ணில் விளைந்ததல்ல. பம்பாயிலிருந்தும் கராச்சியிலிருந்தும் பாய்மரக் கப்பலில் மூட்டை மூட்டையாக வந்தது. 1960களின் நடுப்பகுதிவரை அங்கே செலாவணியே ரூபாய்தான்: முதலில் இந்திய ரூபாய், 1959 முதல் வளைகுடாவுக்கென்று இந்தியா அச்சிட்ட தனி ரூபாய். ஏலம், மிளகு, மஞ்சள், பட்டை எல்லாம் அதே கப்பல்களில் போயின. அந்த மசாலாக்களை வறுத்து இடித்த பிசார் பொடி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பக்குவம்.

ஆனால் மச்பூஸைப் பிரியாணி என்று சொல்லிவிட முடியாது. அதற்குத் தனி முகம் தருவது லூமி: உப்புநீரில் கொதிக்கவைத்து, வெயிலில் கறுத்துக் கல்லாகும்வரை காயவைத்த எலுமிச்சை. கறி வெந்த சாற்றிலேயே அரிசியும் வேகும்போது, லூமியின் புளிப்பும் லேசான கசப்பும் சோற்றில் ஊறும். அன்று பெரும்பாலும் மீனோடு செய்தார்கள்; ஆடு அறுத்தால் அது விசேஷம். இன்று வாரநாள் மதியத்துக்கும் ஆட்டிறைச்சி மச்பூஸ் எளிதாகக் கிடைக்கிறது.

தாம்பாளம் பெருத்ததில் ஒரு துயரமும் உண்டு. ஒரு பருக்கையையும் வீணாக்காத மக்களின் நாட்டில் விருந்து முடிந்ததும் மலைபோல் சோறு மிஞ்சுகிறது. உணவு வீணாவதை 2030க்குள் பாதியாக்கும் குறிக்கோளோடு 'நிஅமா' என்ற தேசிய முயற்சி 2022இல் தொடங்கியிருக்கிறது. இறைவன் அளித்த அருட்கொடையாகவே உணவைப் பார்த்த பாட்டிமார்களுக்கு இதைச் சொல்லித்தர ஓர் அமைப்பு தேவைப்படவில்லை.

கல்லில் வார்த்த ரொட்டி

பழமையும் புதுமையும் அழகாகக் கைகுலுக்கியிருப்பது ரகாக் ரொட்டியில்தான். சூடான இரும்புக்கல்லில் இளகிய மாவைக் கையாலேயே இழுத்துத் தேய்த்தால் மொறுமொறுவென்று காகிதம்போல் வரும். அன்று அதன்மேல் மெஹ்யாவா என்ற நொதித்த மீன்சாறு. அல்லது கறிக்குழம்பில் ஊறவைத்துத் தரீத். இன்றைய இளைஞர்களுக்கு முட்டை, பாலாடைக்கட்டி, நொறுக்கிய உருளைக்கிழங்கு சிப்ஸ், பக்கத்தில் கண்ணாடிக் குவளையில் கரக் சாய். அந்தத் தேநீரே இந்தியத் துணைக்கண்டத்தவர் கொண்டுபோனது. இப்போது அது அமீரகத்தாரின் சொந்தப் பானம். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பண்டங்கள் இப்படித்தான் மரபில் சேர்கின்றன. சேமியாவை இனிப்பாகச் செய்து மேலே முட்டை போர்த்தும் பலாலீத் என்ற காலை உணவும் கடல் வணிகத்தின் பிள்ளைதான்.

மாறாத குவளை

வெளிறிய பதத்தில் வறுத்த காப்பிக்கொட்டை, ஏலம், சில வீடுகளில் குங்குமப்பூ. கஹ்வா என்ற இந்தக் காப்பியில் சர்க்கரை இல்லை. பேரீச்சையைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். கொட்டையும் ஏலமும் கடல் கடந்து வந்த விலையுயர்ந்த சரக்கு. அதைத்தான் வழிப்போக்கனுக்கும் ஊற்றினார்கள். வந்தவனை மூன்று நாள் உபசரித்த பிறகே காரியம் கேட்பது பதூயின் மரபு. இன்று நான் உனக்கு, நாளை பாலைவனத்தில் நான் வழி தவறினால் நீ எனக்கு என்ற கணக்கு இல்லாமல் அங்கே யாரும் பிழைத்திருக்க முடியாது. இல்லாமைதான் அந்த விருந்தோம்பலுக்குத் தாய்.

தல்லா என்ற அந்தக் காப்பிக் கூஜா ஒரு திர்ஹம் நாணயத்தில் பொறித்திருக்கிறது. இன்று ஏலம் குவாத்தமாலாவிலிருந்தும் வருகிறது. கூஜாவுக்குப் பதில் ஃபிளாஸ்க் வந்துவிட்டது. முறை மாறவில்லை: ஊற்றுபவர் கூஜாவையோ ஃபிளாஸ்கையோ இடக்கையில் பிடிப்பார், நீங்கள் வலக்கையால் வாங்க வேண்டும். குவளையில் கொஞ்சமே ஊற்றுவது மரியாதைக் குறைவல்ல, சூடாக மறுபடி தருவதற்குத்தான். போதும் என்றால் குவளையை லேசாக ஆட்டிக் கொடுங்கள். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

போகிறவர்களுக்கு

வீட்டுச் சமையலைக் கடையில் விற்கும் பழக்கம் அமீரகத்தாருக்கு நெடுங்காலம் இருக்கவில்லை. கடந்த சில பத்தாண்டுகளில்தான் நிலைமை மாறியது. துபாயின் பழைய அல் ஃபஹீதி பகுதியில் இயங்கும் ஷேக் முகமது பண்பாட்டுப் புரிந்துணர்வு மையத்தில் தரையில் அமர்ந்து உள்ளூர்க்காரர்களோடு உண்ணலாம். எந்தக் கேள்வியும் கேட்கலாம். அல் ஃபனார் உணவகம் 1960களின் துபாய்த் தெருவை அரங்கமாக அமைத்துப் பரிமாறுகிறது. அபுதாபியின் எர்த் உணவகம் அமீரகச் சமையலுக்கு மிச்செலின் நட்சத்திரம் வாங்கித் தந்தது. பாட்டியின் பக்குவத்தைக் கேட்டு எழுதிவைத்துச் சமையல்கலைஞராக வரும் அமீரக இளைஞர்கள் பெருகுகிறார்கள் என்பது மனம் நிறையும் செய்தி.

ஒரே வேண்டுகோள். தாம்பாளத்து மச்பூஸை ஆசைதீர உண்ணுங்கள். ஆனால் அதோடு எழுந்துவிடாதீர்கள். ஜஷீத் இருக்கிறதா, மாலெஹ் கிடைக்குமா, காலையில் பலாலீத் உண்டா என்று கேளுங்கள். விருந்துப் பண்டங்களைக் காக்க விழாக்களும் விருதுகளும் யுனெஸ்கோவும் இருக்கின்றன. வறுமையில் பிறந்த அன்றாடப் பண்டங்களை அவை மட்டும் காப்பாற்றிவிட முடியாது. யாராவது கேட்டு வாங்கிச் சாப்பிட்டால்தான் நாளைக்கும் அவை அடுப்பேறும்.