உளுந்து ஆடி முடிவதற்குள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும். நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்துக்கு அரை மணி நேரம், அரிசிக்கு இருபத்தைந்து நிமிடம், நடுவில் கல்லைத் தூக்கி உளுந்தை வழித்தெடுக்க ஐந்து நிமிடம். வாரத்தில் எனக்கென்று முழுசாகக் கிடைக்கிற ஒரு மணி நேரம் அதுதான். ஓடுகிற கிரைண்டரை விட்டுவிட்டு எங்கேயும் போக முடியாது என்பதால் யாரும் என்னைக் கடைக்கு அனுப்புவதில்லை.

மனைவி செவிலியர். வாரத்தில் மூன்று ராத்திரி டூட்டி. எனக்கு கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு வேலை. மகள் ஆறாவது, மகன் இரண்டாவது படிக்கிறார்கள். "நீயா கண்ணு மாவாட்டற?" என்று ஊரிலிருந்து வரும் பெரியம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார். கேட்டுவிட்டு ஆறு இட்லி சாப்பிடுவார். கோவைக்காரனுக்கு இதில் என்ன கூச்சம்? வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் படிக்கிறேன். ஆனால் உளுந்து சும்மா விடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து ஒரு கை தண்ணீர் தெளிக்க வேண்டும், ஓரத்தில் ஒட்டியதைத் தள்ளிவிட வேண்டும். ஆக என் வாசிப்பு ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகள். எந்தப் புத்தகம் இதைத் தாங்கும், எது தாங்காது என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். போன வருஷம் புத்தகக் கண்காட்சியில் ஆசையாக வாங்கிய எண்ணூறு பக்க நாவல் ஒன்று ஐந்தாவது வாரமும் நாற்பதாம் பக்கத்திலேயே நின்றது. ஒவ்வொரு தண்ணீர் தெளிப்புக்கும் பிறகு ஆள் பெயர் மறந்து, இரண்டு பக்கம் பின்னால் போவேன். அதைவிடப் பெரிய 'பொன்னியின் செல்வன்' மட்டும் எங்கே நிறுத்தினாலும் கோபிக்காது. 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் துண்டு துண்டாக வந்த கதையாயிற்றே! என்னைப் போன்ற ஆளுக்காகத்தான் கல்கி எழுதினாரோ என்னவோ.

கிரைண்டருக்கு ஏற்றது சிறுகதை. அதிலும் கு. அழகிரிசாமி. கரிசல் மண்ணின் இடைசெவல்காரர். ஊரில் கி. ராஜநாராயணனுக்குக் கூட்டாளி. பெரிய சம்பவம் எதுவும் நடக்காது. ஒரு வீடு, நான்கைந்து பிள்ளைகள், ஒரு சாதாரணப் பேச்சு, அவ்வளவுதான். 'அன்பளிப்பு' கதையைப் பல வருஷம் முன்னால் கல்லூரியில் படித்திருந்தேன். அந்தப் பெயரில் வந்த தொகுப்புக்குத்தான் அவர் இறந்த பிறகு 1970-க்கான சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. போன மாதம் உளுந்து ஆடும்போது மறுபடி எடுத்தேன்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு ஒட்டிப் பழகும் ஒரு மனிதர், புத்தகமும் பேச்சுமாக அவர்களைக் கொண்டாடுகிறவர், இரண்டு பிள்ளைகளுக்கு டைரி பரிசு கொடுக்கிறார். சாரங்கராஜன் என்ற பையனுக்கு இல்லை. வேண்டுமென்றே விட்டதல்ல, தோன்றவில்லை. பையன் சண்டை போடுவதில்லை, அழுவதில்லை. பின்னால் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் போகிறான். அங்கே என்ன செய்கிறான் என்பதைப் படிக்காதவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறேன். கல்லூரியில் படித்தபோது இது பாவப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றிய கதை என்று நினைத்தேன். இந்தத் தடவை அந்தப் பெரியவரைப் பற்றிய கதையாகப் பட்டது. நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் உயிர். அப்படியும் ஒருவன் விட்டுப்போகிறான்.

கடைசிப் பக்கத்துக்கு வரும்போது கிரைண்டரின் சத்தம் மாறியிருந்தது. தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உளுந்து இறுகி, தொட்டால் வெதுவெதுவென்று சூடு. மாவு சூடேறினால் இட்லி போச்சு. திங்கட்கிழமை தட்டில் விழுந்தவற்றை மகன் விரலால் தட்டிப் பார்த்து, "கல்லு" என்றான்.

அந்த எண்ணூறு பக்க நாவலை வாங்கிய கண்காட்சியில் மகளுக்கும் ஒரு புத்தகம் வாங்கியிருந்தேன். அவனுக்கு வாங்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசுதானே, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

மகளுக்கு வாங்கியது 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. டெட்சுகோ குரோயாநாகி தன் சின்ன வயசைப் பற்றி எழுதி 1981-இல் ஜப்பானில் வந்த புத்தகம். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. குறும்பு தாங்காமல் முதல் பள்ளி வெளியே அனுப்பிய சிறுமி, டோக்கியோவில் பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கும் டோமோயே பள்ளியில் சேருகிறாள். முதல் நாள் தலைமை ஆசிரியர் கோபயாஷி அவள் பேசுவதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். நான் கிரைண்டர் ஓடாத நாளில்கூட நான்கு நிமிடம் தாண்டியதில்லை. அம்மாவுக்கு டூட்டி இருக்கிற ராத்திரிகளில் இதைத்தான் சத்தமாக வாசிக்கிறோம். இரண்டு மூன்று பக்க அத்தியாயங்கள். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாலும் நஷ்டமில்லை.

சாப்பாட்டு அத்தியாயம் வந்த மறுநாள்தான் வம்பு. அந்தப் பள்ளியில் டிபன் பாக்ஸுக்கு ஒரே விதி: கடலிலிருந்து ஏதாவது ஒன்று, மலையிலிருந்து ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். கோபயாஷி ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்துக்கொண்டே வருவார். கூடவே அவர் மனைவி இரண்டு பாத்திரங்களோடு வந்து, எது குறைகிறதோ அதைப் போட்டுவிடுவார். சத்துணவைப் பற்றி நான் கேட்ட எத்தனையோ உபதேசங்களைவிட இது மேல். இல்லாத வீட்டுப் பிள்ளையும் தலைகுனிய வேண்டாம், என்ன கட்டிக் கொடுத்தாய் என்று யாரும் அம்மாவைக் கேட்கவும் வேண்டாம்.

காலை ஐந்தே முக்கால். குக்கரில் அரிசிம்பருப்பு. கொங்கு வீடுகளில் நேரமில்லாத நாளைக் காப்பாற்றுவது இதுதான். இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு. கடுகு, சீரகம், வரமிளகாய் தாளித்து, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, தக்காளி, மஞ்சள் தூள், கருவேப்பிலை எல்லாம் வதக்கி, தண்ணீர் ஊற்றி மூன்று விசில். தொட்டுக்கொள்ள அன்றைக்குக் கேரட் பொரியல். மகள் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"அப்பா, இதுல மலை எங்க?"

"கேரட் இருக்குல்ல கண்ணு. ஊட்டி கேரட்."

அது ஒத்துக்கொள்ளப்பட்டது. நீலகிரிக் காய்கறியெல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கித்தான் எங்கள் சந்தைக்கு வருகிறது. மலை எங்களுக்குப் பக்கம். கடல்தான் தூரம்.

"அப்ப கடல்?"

நான் முழித்தேன். ஷூ லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சின்னவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "உப்பு."

தூத்துக்குடி உப்பளம் போன வாரம்தான் அவன் பாடத்தில் வந்ததாம். கோபயாஷி ஏற்றுக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை நெத்திலிக் கருவாடு வாங்கி வறுத்தேன். வீட்டுக்குச் சரி, ஸ்கூலுக்குக் கட்டக் கூடாது என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

படம் பார்ப்பதும் துண்டு துண்டாகத்தான். 'மெய்யழகன்' 2024-இல் திரையரங்குக்கு வந்தபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நீளம் என்று புகார் கிளம்பி, சில நாளிலேயே பதினெட்டு நிமிடம்போல வெட்டினார்கள். எங்களுக்கு அந்தப் புகாரே இல்லை. நான்கு ராத்திரி, துணி மடித்துக்கொண்டே, தினம் முக்கால் மணி நேரம். இருபது வருஷத்துக்கு மேல் ஊர்ப்பக்கம் போகாத அரவிந்த் சாமி கல்யாணத்துக்குப் போய், யாரென்றே நினைவில்லாத உறவுக்காரரான கார்த்தியோடு ஒரு ராத்திரி முழுக்கப் பேசுகிற படம். அதை நான்கு ராத்திரியில் பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. மறுநாள் வேலைக்கு நடுவில், அவன் பெயர் என்னவாக இருக்கும் என்று நமக்கும் அரிக்கும். இயக்குநர் பிரேம்குமார் படத்தை வெட்டியிருக்கவே வேண்டாம், துணி கொடுத்திருக்கலாம்.

சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். சென்னைத் துளிகா பதிப்பகத்தின் படப் புத்தகம் ஒன்று வாங்கினேன். பக்கத்துக்கு இரண்டே வரி, மீதி படம். முதல் பக்கத்தில் அவன் பெயரை எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா புக்லயும் இப்படி எழுதுங்க, இல்லைன்னா அழுவா" என்றான். டோட்டோ-சானிலும் எழுத வேண்டியதாயிற்று.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் தெளிக்கிற பொறுப்பு அவனுடையது. கிண்ணமும் ஸ்பூனும் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். கல்லுக்குப் பக்கத்தில் கை கொண்டுபோகக் கூடாது என்பது விதி. தெளிக்கும் நேரம் வந்ததா என்று நிமிடத்துக்கு ஒருதரம் கேட்கிறான். இதனால் எனக்கு வாசிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. எடுத்து வைத்திருந்த அடுத்த கதை மூன்று வாரமாக மூன்றாம் பக்கத்தில் நிற்கிறது.

போன ஞாயிறு ஆட்டிய மாவு நன்றாகவே புளித்தது. மார்கழிக் குளிரிலும் ராத்திரியோடு ராத்திரியாகப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்திருந்தது. தட்டுக்கு ஆறு என்று நான்கு தட்டு ஊற்றினேன். ஒன்றும் மிஞ்சவில்லை.